மேசைமேல் ஏறும் பதுளைப் பாதை

ஓடும் ரயிலொன்றை, அது செல்லும் பாதை, பாலம், சுரங்கம், நிலையம், சுற்றியுள்ள மலை, மரம், வீடு ஆகியவற்றோடு சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுத்துச் சிறிதாக்கி, மேசை அளவு இடத்தில் ஓடும் நிலையிலேயே அமைப்பதை மாதிரி ரயில்பாதை அமைத்தல் என்பர். விளையாட்டு ரயில் பார்வைக்கு ரயிலைப் போல இருந்தாலே போதும். மாதிரியிலோ சக்கரத்தின் விட்டமும் சன்னலின் அகலமும் மலையின் உயரமும் ஒரே விகிதத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். ஒரு பொருளை அளந்து பார்க்காமல் அதனை விகிதப்படி செய்ய இயலாது. அளந்து பார்ப்பவர், அது ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்று கேட்காமல் விடுவதும் அரிது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பரவலாகப் பயிலப்படும் இக்கலைக்கு, கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தூரம் வரும் மலைநாட்டுப் பாதையின் கடைசிப் பகுதி, அதாவது எல்ல, தெமோதரை, உடுவர, ஹாலிஎல, பதுளை என்று படிப்படியாக இறங்கும் பகுதி, உலகின் எந்தப் பாதைக்கும் குறையாத பொருளாகும்.

வண்டியைச் சிறிதாக்கி ஓடவிட்டு மகிழ்வது தமிழருக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை, ஆண் குழந்தைக்கு வகுத்த பத்துப் பருவங்களில் இறுதியாகச் சிறுதேர்ப் பருவத்தை வைக்கிறது. தஞ்சாவூரில் நெட்டி என்னும் நீர்த்தாவரத்தின் வெண்ணிறத் தண்டைச் சீவிக் கோயில்களின் சிற்றுருக்களைச் செய்யும் கைத்தொழில் இன்றும் உண்டு. ரயில் எஞ்சினோ முழு அளவில் பிறப்பதற்கு முன்பே மாதிரியாகப் பிறந்துவிட்டது. இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் வில்லியம் மேர்டொக் என்பவர் 1784 அளவில் நீராவியால் தானே ஓடும் சிறு வண்டியொன்றைச் செய்து காட்டினார். தண்டவாளத்தின்மேல் ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் முழு அளவு எஞ்சின் பாரம் இழுத்தது 1804இல்தான். ஜெர்மனியின் மேர்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில், ஒரே அகலத் தண்டவாளத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி விரிவாக்கத்தக்க ரயில் தொகுதியை விற்பனைக்கு வைத்தது. இங்கிலாந்தில், மெக்கானோ என்னும் கட்டுமான விளையாட்டுக்கு 1901இல் காப்புரிமை பெற்ற ஃபிராங்க் ஹோர்ன்பி, 1920இல் சாவி கொடுத்து ஓட்டும் ரயில்களை வெளியிட்டார். வீட்டு மின்சாரம் பரவியபோது சாவிச் சுருளின் இடத்தைச் சிறு மோட்டார் பிடித்தது.

இத்துறைக்குள் நுழைபவர் முதலில் தெளிய வேண்டியவை அளவு விகிதம், பாதை அகலம் என்னும் இரண்டு. அளவு விகிதம் என்பது உண்மைப் பொருளை எத்தனையில் ஒன்றாகச் சிறிதாக்குகிறோம் என்பது; பாதை அகலம் என்பது இரு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையிலான தூரம். உலகில் மிகுதியாகப் புழங்கும் விகிதம் எச்.ஓ. எனப்படும் 87இல் ஒன்று. இதில் உண்மையின் ஓர் அடி மூன்றரை மில்லிமீற்றராகிறது. பிரித்தானியர் விரும்பும் ஓ.ஓ. விகிதத்தில் ஓர் அடி நான்கு மில்லிமீற்றர். இது ஏறத்தாழ 76இல் ஒன்று. இடம் குறைந்தவர்கள் நாடும் ‘என்’ எனப்படும் விகிதம் 160இல் ஒன்று. எச்.ஓ. ரயில்கள் ஓடும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர், அதனை 87ஆல் பெருக்கினால் 1,435 மில்லிமீற்றர், அதாவது ஐரோப்பாவின் பெரும்பகுதியும் அமெரிக்காவும் கைக்கொண்ட நாலடி எட்டரை அங்குலப் பாதை கிடைக்கும்.

இலங்கைப் பாதை அந்த அகலத்தில் இல்லை என்பதிலிருந்து இங்குள்ள மாதிரிக் கலைஞரின் தனிச் சிக்கல் தொடங்குகிறது. இந்தியாவைப் போலவே இலங்கையும் ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1,676 மில்லிமீற்றர் அகலப் பாதையைக் கொண்டது. எச்.ஓ. விகிதத்தில் இது 19.25 மில்லிமீற்றராக வேண்டும். கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீற்றர்ப் பாதையில் பதுளை வண்டியை நிறுத்தினால், உடல் சரியான அளவிலிருக்க, சக்கரங்கள் மட்டும் உள்ளொடுங்கித் தெரியும். முன்னாலிருந்து பார்க்கும்போதுதான் இக்குறை கண்ணில் படும் என்பதால் பலர் இதனைப் பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுக்காதவர்களுக்கு அயர்லாந்து ஒரு முன்னோடி. ஐந்தடி மூன்றங்குலப் பாதை கொண்ட அந்நாட்டின் தேர்ந்த கலைஞர்கள் நான்கு மில்லிமீற்றர் விகிதத்தில் 21 மில்லிமீற்றர்ப் பாதையைத் தாமே செய்துகொள்கிறார்கள். அதே கணக்கில் இலங்கைக்கு வருவது சரியாக 22 மில்லிமீற்றர். செப்புத்தகடு ஒட்டிய பலகையைச் சிறு சிலிப்பர் கட்டைகளாக நறுக்கி, அவற்றின்மேல் தண்டவாளக் கம்பியை ஈயப்பற்று வைத்து இணைத்து, சக்கரங்களை நீண்ட அச்சுகளுக்கு மாற்றினால் இது கைகூடும். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் நகைத்தொழிலும் தச்சும் அறிந்த ஊர்களில் செய்ய இயலாத வேலை அன்று.

இனிப் பாதையின் வரலாற்றைச் சற்று நோக்குவது தேவை. ஏனெனில் மாதிரி எந்த ஆண்டைக் காட்டுகிறது என்பது அதன் ஒவ்வொரு பகுதியையும் தீர்மானிக்கும். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 1864இன் இறுதியில் முதல் ரயில் ஓடியது. 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை என்று, கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் பாதை மலையேறியது. வழியில் பட்டிப்பொல நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,898 மீற்றர் உயரத்தில், நாட்டின் நிலையங்களில் மிக உயர்ந்ததாக நிற்கிறது. பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு வர மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. நிலத்தின் கடுமையும் முதலாம் உலகப் போரும் இழுத்தடித்த அந்த இறுதிப் பகுதி 1924இல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு இம்மலைகளின் தோட்டங்களில் மட்டுமன்றிச் சாலைகளிலும் ரயில்பாதையிலும் படிந்திருக்கிறது.

இப்பகுதியின் கணித நெஞ்சு தெமோதரை. அங்கே பாதை நிலையத்தைக் கடந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு நேர் கீழேயுள்ள சுரங்கத்தின் வழியே வெளிப்படுகிறது. மலைநாட்டுப் பாதையின் மிகக் கடுமையான ஏற்றம் 44இல் ஒன்று, அதாவது 44 அடி முன்செல்லும்போது ஓரடி உயர்வது. மிகக் கூர்மையான வளைவின் ஆரம் ஐந்து சங்கிலி, அதாவது 330 அடி அல்லது ஏறத்தாழ 100 மீற்றர். இத்தகைய வளைவு முழு வட்டமாக ஒருமுறை சுற்றினால் பாதையின் நீளம் 632 மீற்றர், இறக்கம் 14 மீற்றருக்குச் சற்று மேல். மலைச்சரிவு இடங்கொடுக்காத இடத்தில், நேராகப் போனால் செங்குத்தாகிவிடும் இறக்கத்தை, சுற்றி நீளமாக்கிச் சாய்வைக் குறைப்பதே இந்த அமைப்பின் நோக்கம்.

இதனைப் பற்றி மலையகத்தில் ஒரு செவிவழிக் கதை உண்டு. பாதையை எப்படி இறக்குவது என்று பொறியியலாளர் திகைத்து நின்றபோது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைக் கண்டு வழி பிறந்தது என்பது கதை. அந்தப் பொறியியலாளராக டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயரைச் சொல்வதும் வழக்கம். டார்ஜிலிங் மலைப்பாதை 1881இலும் சுவிட்சர்லாந்தின் கொத்தார்ட் பாதை 1882இலும் சுற்றுவளைவுகளோடு திறக்கப்பட்டுவிட்டதால், 1910களில் இவ்வுத்தி பொறியியல் உலகம் அறிந்த ஒன்றே. ஆயினும் கதையைத் தள்ளிவிடத் தேவையில்லை. மலையின் சிக்கல் ஒன்று ஒரு முழத் துணியில் மாதிரியாகத் தோன்றியது என்றும், அந்த மாதிரியைக் காட்டியவர் தமிழர் ஒருவர் என்றும் பாதையோரத்து மக்கள் தலைமுறைகளாக நம்பிவந்திருப்பதே மதிக்கத்தக்க செய்தி.

குறுகிய இடத்தில் பாதையை ஏற்றி இறக்கும் இதே சிக்கலை மாதிரிக் கலைஞர் உலகெங்கும் சந்திக்கிறார்கள். மேசையின் ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்கு ரயிலை ஏற்றுவதற்கு அவர்கள் திருகுசுழல் என்னும் அமைப்பைக் கட்டுகிறார்கள்; பாதை வட்டமாகச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் தன்மேல் தானே ஏறிச் செல்லும். பெரும்பாலான மாதிரிகளில் இது திரைக்குப் பின்னால் மறைக்கப்படும் ஒரு வசதி; தெமோதரையை அமைப்பவருக்கு மட்டும் அதுவே காட்சியின் நடுப்பொருள். எச்.ஓ. விகிதத்தில் ஐந்து சங்கிலி வளைவின் ஆரம் 116 சென்டிமீற்றர். வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ இரண்டே கால் மீற்றர். ஒரு சுற்றில் இறங்குவது 16 சென்டிமீற்றருக்குச் சற்று மேல். கீழே செல்லும் ரயிலுக்கு எட்டுச் சென்டிமீற்றர் இடைவெளி போதுமாகையால், நிலையத்துக்கும் சுரங்கத்துக்கும் நடுவே பாறையையும் மண்ணையும் காட்டவும் இடம் மிஞ்சும். ‘என்’ விகிதத்தில் குறுக்களவு ஒன்றேகால் மீற்றராகச் சுருங்கி, ஒரு படுக்கையறைக்குள் அடங்கிவிடுகிறது. தொடக்கநிலைத் தொகுதிகளோடு வரும் எச்.ஓ. வளைவுத் துண்டுகளின் ஆரம் பெரும்பாலும் 36 சென்டிமீற்றர். உண்மையில் அது 31 மீற்றருக்குச் சமம். பதுளை அமைந்த ஊவா மாகாணத்தின் மிகக் கூர்மையான வளைவைவிட மூன்று மடங்கு இறுக்கமான அத்துண்டுகளில் தெமோதரையை ஒருபோதும் காட்ட முடியாது என்பதைத் தொகுதி வாங்க எண்ணுபவர் முன்கூட்டியே அறிவது நன்று.

மின்னோட்டம் பற்றியும் இங்கே ஒரு விளக்கம் வேண்டும். வழக்கமான மாதிரியில் 12 வோல்ட் நேர்மின்னோட்டம் இரு தண்டவாளங்களின் வழியே எஞ்சினின் சக்கரங்களுக்குள் நுழைந்து மோட்டாரைச் சுழற்றுகிறது. வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும், முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். ஒரு பாதை வளைந்து வந்து தன்னோடு தானே இணையும் திருப்புவளையங்களில், வலத் தண்டவாளம் இடத் தண்டவாளத்தைத் தொட்டுக் குறுஞ்சுற்று ஏற்படும். அதனைத் தடுக்கத் தனிக் கம்பியமைப்பு தேவை. தெமோதரையும் ஒரு வளையம்தானே என்று அஞ்சுவோர் உண்டு. அங்கே பாதை தன்னைத் தாண்டிச் செல்கிறதே தவிர இணைவதில்லை. ஆகவே இரண்டே கம்பிகளில் அது இயங்கும். 1990களில் அமெரிக்கத் தேசிய மாதிரி ரயில்பாதைச் சங்கம் ஏற்றுக்கொண்ட எண்மக் கட்டுப்பாட்டு முறையில், ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் தனி முகவரியுடைய சில்லு வைக்கப்படுவதால், ஒரே பாதையில் நிற்கும் இரு எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்டலாம். ஏற்றத்தில் திணறும் எஞ்சினின் ஒலியையும் கேட்கச் செய்யலாம்.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் படங்களால் உலகறிந்தது. கல், செங்கல், சீமெந்து ஆகியவற்றால், உருக்கு இல்லாமல் எழுப்பப்பட்ட அப்பாலம் ஏறத்தாழ 300 அடி நீளமும் 80 அடி உயரமும் உடையது, எச்.ஓ. விகிதத்தில் நூற்றைந்து சென்டிமீற்றர் நீளம், 28 சென்டிமீற்றர் உயரம். அதனைச் செய்ய முனைபவர் பெரும்பாலும் ஒரு தவறு செய்கிறார்: ஒன்பது வளைவுகளையும் ஒரே அச்சில் வெட்டி வரிசையாக ஒட்டிவிடுகிறார். பாலமே தரைப்படத்தில் வளைந்திருப்பதால், உட்பக்கத்து முகம் வெளிப்பக்கத்து முகத்தைவிடக் குறுகியாக வேண்டும். இரு முகங்களுக்கும் தனித்தனி அச்சு எடுத்து, தூண்களைச் சற்றே ஆப்பு வடிவில் அமைத்தால்தான் பாலம் திரும்பும். செங்கல் வரிசைகள் இவ்விகிதத்தில் ஒரு மில்லிமீற்றரைக்கூட எட்டாதவை. அட்டையின்மேல் மழுங்கிய ஊசியால் கோடு அழுத்தி, வெளிர்ச்சாம்பல் பூசி, மழைநீர் வழிந்த கருமையை மெல்லிய மையால் கீழ்நோக்கி இழுத்துவிட்டால் போதுமானது.

இவ்வளவும் கவர்ச்சியானவை, எனினும் தொடங்குவோருக்கு உகந்தது பாலமோ வளையமோ அன்று, ஹாலிஎல போன்ற ஒரு சிறு நிலையமே. கொழும்பிலிருந்து பதுளை வரையிலான முழுப் பாதையும் எச்.ஓ. விகிதத்தில் மூன்றே கால் கிலோமீற்றருக்கு மேல் நீளும். பட்டிப்பொலையை ஏழு மாடி உயரத்தில் வைக்க நேரும். எனவே எந்த மாதிரியும் தெரிவு செய்தும் சுருக்கியும் அமைவதே. ஒரு நிலையக் கட்டடம், ஒரு மேடை, ரயில்கள் ஒன்றையொன்று கடக்க ஒரு பக்கப்பாதை, சரக்கு இறக்கும் ஒரு முனை, பின்னால் பதுளு ஓயாவை நோக்கிச் சரியும் நிலம் ஆகியவை ஒன்றரை மீற்றர்ப் பலகையில் அடங்கும். மேடையின் பெயர்ப்பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வர வேண்டும்; ஓரடி உயர எழுத்து மூன்றரை மில்லிமீற்றராகும்போது ‘ஹா’வின் வளைவுகள் தூரிகைக்கு அடங்காமல் கலங்கிவிடுமாதலால், கணினியில் எழுதி நுண்ணிய அச்சில் எடுத்து ஒட்டுவதே முறை.

சிறு நிலையம் வெறும் காட்சிப்பொருளாக நின்றுவிடாமல் இருப்பதற்குக் காரணம் ஒற்றைப் பாதை. இரு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரே ரயில்தான் செல்லலாம். இதனை உறுதிசெய்ய மலைநாட்டுப் பாதையில் நீண்டகாலம் வழங்கிவந்தது டெப்லட் முறை. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் மின்கம்பியால் பிணைக்கப்பட்ட இரு பெட்டிகள் இருக்கும். ஒன்றிலிருந்து ஓர் உலோக வில்லையை எடுத்துவிட்டால், அது இரண்டில் ஒன்றுக்குள் மீண்டும் இடப்படும்வரை எந்தப் பெட்டியும் இன்னொரு வில்லையைத் தராது. வளையம் பொருத்திய தோற்பையில் அவ்வில்லையை வைத்து நிலையத்தார் நீட்ட, எஞ்சின் ஓட்டுநர் கைநீட்டிப் பெற்றுக்கொள்வார். அது கையில் இல்லாமல் அவர் நகரக்கூடாது. மாதிரியிலும் பித்தளை வில்லைகள் சிலவற்றை வைத்து இருவர் இம்முறையில் ஓட்டலாம்: ஒருவர் ஹாலிஎல நிலையப் பொறுப்பாளர், மற்றவர் பதுளையிலிருந்து ஏறிவரும் சரக்கு ரயிலின் ஓட்டுநர். தூரம் சுருங்கிவிட்ட மாதிரியில் மணியும் சுருங்க வேண்டுமாகையால், ஆறு நிமிடத்தில் ஒரு மணிநேரம் காட்டும் விரைவுக் கடிகாரத்தையும் பலர் பயன்படுத்துகிறார்கள். ரயிலை வட்டமாக ஓடவிட்டுப் பார்ப்பது அரை மணியில் சலித்துவிடும். எதிர்ரயிலுக்காகப் பக்கப்பாதையில் காத்திருந்து, வில்லை கைக்கு வந்ததும் புறப்படுவது சலிப்பதில்லை.

எஞ்சின்களைப் பொறுத்தவரை, 1927இல் மான்செஸ்டரின் பேயர் பீகொக் நிறுவனத்திடமிருந்து வந்த கராட் வகை நீராவி எஞ்சின் மலைநாட்டுப் பாதைக்கே உரிய அரிய பொருள். இதன் கொதிகலன் நடுவில் தொங்க, முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரத் தொகுதிகள் திரும்புவதால், கூரிய வளைவிலும் இரட்டை வலுவோடு இழுக்கும். 1954 முதல் கனடாவிலிருந்து கொழும்புத் திட்டத்தின்கீழ் வந்த எம்2 வகை டீசல் எஞ்சின்கள் ஒன்டாரியோ, அல்பேர்ட்டா போன்ற கனடிய மாகாணப் பெயர்களைத் தாங்கி வந்தன. இவற்றுக்குக் கடையில் ஆயத்த மாதிரி தேடுவதைவிட, நெருங்கிய உறவுடைய வெளிநாட்டு டீசல் மாதிரியின் இயங்குபகுதியை எடுத்து, மேலுடலை அட்டையிலோ பிளாஸ்டிக் தகட்டிலோ புதிதாகச் செய்வதே நடைமுறை. இந்தியாவில் செய்யப்பட்ட பெட்டிகளும் இலங்கைத் தண்டவாளத்தில் ஓடுவதால், இந்திய ரயில் மாதிரிகளைச் செய்வோரின் வரைபடங்களும் ஓரளவு உதவும்.

தண்டவாளத்தைத் தாமே செய்யத் தயங்குபவருக்கு மலைநாடே ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரை, 1948இல் மூடப்படும்வரை ஓடிய உடப்புசல்லாவைப் பாதை இரண்டடி ஆறங்குலமே அகலமுடையது. எச்.ஓ. விகிதத்தில் அது 8.75 மில்லிமீற்றர், எங்கும் கிடைக்கும் ‘என்’ வகைத் தண்டவாளம் ஒன்பது மில்லிமீற்றர். கால் மில்லிமீற்றர் வேறுபாட்டை எந்தக் கண்ணும் காணாது. ஆக, சிறிய வகையின் சக்கரமும் பாதையும் அப்படியே பயன்பட, மேலுள்ள எஞ்சினும் பெட்டியும் மனிதரும் மட்டும் பெரிய விகிதத்தில் அமைகிறார்கள். மறைந்துபோன பாதையை மீட்டெடுக்கவும் இதைவிட எளிய வழியில்லை.

முழு அளவு வண்டிகளை அருகிருந்து காண, 2014 டிசம்பரில், இலங்கை ரயில்வேயின் 150ஆம் ஆண்டு நிறைவில் திறக்கப்பட்ட கடுகண்ணாவ ரயில்வே நூதனசாலை உண்டு. நிறைவுற்ற மாதிரி எப்படியிருக்கும் என்று காண விரும்புவோர் இந்தியா செல்லும்போது, புனே நகரின் கோத்ரூட் பகுதியில் பாவ்சாகேப் ஜோஷி உருவாக்கி 1998இல் பொதுமக்களுக்குத் திறந்த சிற்றுரு ரயில் நூதனசாலையைக் காணலாம். தனிமனிதர் ஒருவரின் ஈடுபாடு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு, ஹம்பேர்க் நகரில் 2001இல் தொடங்கி இன்றும் விரிந்துகொண்டிருக்கும் மினியேச்சர் வண்டர்லாண்டைவிட அந்தப் புனே முயற்சியே தெற்காசியருக்கு அணுக்கமான சான்று.

நிலத்தை அமைக்க நில அளவைத் திணைக்களத்தின் 50,000இல் ஒன்று விகித வரைபடம் கைகொடுக்கும். அதன் சமவுயரக் கோடுகள் 20 மீற்றருக்கு ஒன்றாகச் செல்வதால், எச்.ஓ. விகிதத்தில் கோட்டுக்குக் கோடு 23 சென்டிமீற்றர் உயரம் என்று கொண்டு, ரெஜிபோம் பலகைகளை அடுக்கி வெட்டினால் மலையின் எலும்புக்கூடு கிடைக்கும். அதன்மேல் மாப்பசையில் தோய்த்த பத்திரிகைத் தாள்களை ஒட்டிக் காயவிட்டு, சலித்த மண்ணைப் பசைநீரால் படியவைப்பது மலிவான முறை. ஊவாவுக்கு மழையைக் கொண்டுவரும் ஐப்பசி முதல் தை வரையிலான பருவத்தில் ஒட்டுப்பலகை ஈரத்தை உறிஞ்சி முறுக்கிக்கொள்ளும்; பாதை ஒரு மில்லிமீற்றர் எழும்பினாலும் வண்டி தடம்புரளும். ஆகையால் பலகையின் இருபுறமும் வார்னிஷ் பூசிய பிறகே தண்டவாளம் பதிக்க வேண்டும். தண்டவாளமும் இரும்பாக இல்லாமல் நிக்கல் சில்வர் என்னும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையாக இருப்பது நல்லது. துருப்பிடிக்காமல் மின்னோட்டம் தடையின்றிச் செல்லும்.

தேயிலைச் சரிவே இங்கு மிகப் பெரிய சோதனை. நான்கடிக்கு இரண்டடி இடைவெளியில் நட்ட மலையொன்றை எச்.ஓ. விகிதத்தில் ஒரு சதுர மீற்றர் காட்ட, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செடிகள் தேவைப்படும். இடுப்பளவுச் செடி ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீற்றர் உயரம். ஒவ்வொன்றாகச் செய்ய யாராலும் ஆகாது. பாத்திரம் துலக்கும் பச்சை நார்ப்பட்டையை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, சரிவின் குறுக்கே சமவுயரக் கோட்டை ஒட்டி நிரை நிரையாக ஒட்டுவதே உகந்த வழி. கொழுந்து பறித்துப் பறித்துத் தட்டையான மேற்பரப்பு கத்தரிக்கோலாலேயே அமைந்துவிடும். முன்னாளில் விதையிலிருந்து வளர்ந்த தேயிலை ஒழுங்கற்ற இடைவெளிகளில் நின்றது. எனவே 1924ஐக் காட்டும் மாதிரியில் நேர்த்தியான நிரைகள் வந்தால் அது பிழை. வேருக்கடியில் கிடக்கும் சருகுக்கு, குடித்தபின் எஞ்சும் தேயிலைச் சக்கையைக் காயவைத்துத் தூவுவதைவிடச் சிறந்த பொருள் எந்த நாட்டுக் கடையிலும் இல்லை. கிரெவில்லியா நிழல் மரங்களுக்கு, முறுக்கிய செப்புக்கம்பியும் நுரைத்தூளும் போதும்.

தோட்டத்து ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, நெடிய சன்னல் வரிசைகளும் தகரக் கூரையும் கொண்டது. பறித்த கொழுந்தை வாடப்போடும் மேல்மாடிகளுக்குக் காற்று வேண்டியதாலேயே அத்தனை சன்னல்கள். காரணம் தெரிந்தவர் எந்த மாடியில் எந்தச் சன்னலைத் திறந்துவைப்பது என்று அறிவார். ஆனால் மலைநாட்டுப் பாதையைக் காட்டும் ஓவியங்களிலும் படங்களிலும் ஸ்டோரும் பாலமும் பச்சைச் சரிவும் இருக்க, லயன்கள், அதாவது தொழிலாளரின் நிரைவீடுகள், விடுபட்டுப்போவதே வழக்கமாக இருக்கிறது. மாதிரிக் கலையில் இது அழகுக்குறை மட்டுமன்று, அளவுப்பிழை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று பொதுவாகச் சொல்லப்படும், லயன் அறையான ஒரு காம்பரா எச்.ஓ. விகிதத்தில் 35க்கு 42 மில்லிமீற்றர். ஒரு தீப்பெட்டிக்குள் ஒரு குடும்பம். பத்தடி முகப்புடைய பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே நிரையில் அமைந்த லயன் 120 அடி, மாதிரியில் 42 சென்டிமீற்றர், அதாவது 60 அடி ரயில் பெட்டிகள் இரண்டை இணைத்த நீளம். கண்ணில் படாமல் போகும் பொருள் அன்று அது. அதன் முன்வாசல் திண்ணை, ஒவ்வொரு கதவுக்கும் அருகே புகைபடிந்த சுவர், தகரத்தின்மேல் காற்றுக்குப் பாரமாக வைத்த கற்கள், பொதுத் தண்ணீர்ப் பீலி, மேட்டில் மாரியம்மன் கோயில் ஆகியவை இல்லாமல் ரயில் யாருடைய உழைப்பை ஏற்றிச் சென்றது என்பது மாதிரியில் விளங்காது.

ஆண்டைத் தெரிவு செய்யும்போதும் லயனே அளவுகோலாகும். 1954க்கு முந்திய மாதிரியில் டீசல் எம்2 வரக்கூடாது என்பதைப் போலவே, பெயர்ப்பலகைகளும் காலத்துக்குக் கட்டுப்பட்டவை: 1975இல் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. அண்மைக் காலத்தை அமைப்பவர், ஏழு பேர்ச் காணியில் எழும் தனி வீடுகளைச் சில சரிவுகளில் காட்ட வேண்டியிருக்கும். லயன்கள் இடிக்கப்படுவது நல்ல செய்தி; ஆனால் அவற்றுக்கு வரைபடம் எடுத்துவைத்தவர் குறைவு. ஹாலிஎல நிலையக் கட்டடத்தின் அளவுகளை அடுத்த ஆண்டும் எடுக்கலாம். மாதிரி அமைக்க எண்ணும் இளைஞர் அளவுநாடாவோடு முதலில் போக வேண்டியது, அங்கு வாழ்ந்த பெரியவர்கள் உடனிருந்து சொல்லக்கூடிய காலத்திலேயே, ஒரு லயனுக்கு: கூரையின் சாய்வு, கதவின் உயரம், திண்ணையின் அகலம், அடுப்படியின் இடம், இரு காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரைவரை எட்டியதா இல்லையா என்பது வரை.